68 வயதில் விக்ரோலிக்கு வந்த நர்ஸ்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நேற்று இரவு டியூட்டி முடித்து, காலையில் கொஞ்சம் தூங்கி எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேச்சில் எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘முதன்முறையாக இந்தியாவுக்கு வந்த ஒரு தொண்டர்’ என்று இன்றைய தலைப்பை அறிவித்தபோது, எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டதில் தவறில்லை. தொண்டர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கொடி கட்டுகிற ஆள்தான். அந்தப் பெண்மணி வந்தது அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற அமைப்பின் வழியாக. அதை ‘அமைதிப்படை’ என்று மொழிபெயர்த்து அழைப்பிதழில் போட்டிருந்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உடனே அழைத்தார். “அக்கா, அந்தச் சொல்லை மட்டும் போடாதேங்கோ. எங்களுக்கு அது வேற ஞாபகம்” என்றார். 1987-ல் இந்தியாவிலிருந்து அங்கே போன படைக்கு வைத்த பெயரைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு மாற்றினேன். இன்று பீஸ் கோர் என்றே சொல்கிறேன். உதவ வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாட்டுக்குள் வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, அந்த நண்பரின் தயக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெண்மணியின் பெயர் லில்லியன் கார்ட்டர். ஜிம்மி கார்ட்டர் என்ற அமெரிக்க ஜனாதிபதியின் அம்மா என்றுதான் உலகம் அறியும். மகன் ஜனாதிபதி ஆவதற்குப் பத்து வருடம் முன்பே அவர் பம்பாய்க்கு வந்து வேலை செய்துவிட்டுப் போயிருந்தார். நான் அவரைப் பார்ப்பது ஒரு நர்ஸாக.

பிறந்தது 1898 ஆகஸ்ட் 15, ஜார்ஜியா மாநிலத்தின் ரிச்லேண்ட் என்ற சிற்றூரில். பிற்காலத்தில் ஒரு நாட்டின் சுதந்திர நாளாகப் போகிற தேதி. அப்பா தபால் நிலைய அதிகாரி. லில்லியன் பிளெயின்ஸ் என்ற ஊரில் இருந்த வைஸ் மருத்துவமனையில் நர்சிங் பயின்று, அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனையில் படிப்பை முடித்தார். 1923-ல் திருமணம். மறு வருடம் அதே வைஸ் மருத்துவமனையில் ஜிம்மி பிறந்தார். மருத்துவமனையில் பிறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான். அம்மா அங்கே வேலை பார்த்ததால் அப்படி அமைந்தது.

குடும்பம் ஆர்ச்சரி என்ற குக்கிராமத்துக்குக் குடிபோனது. சுற்றிலும் பெரும்பாலும் கறுப்பின விவசாயக் குடும்பங்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளி வேறு, தேவாலயம் வேறு, வாசல் வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். லில்லியன் அந்த வீடுகளுக்குள் போய்ப் பிரசவம் பார்த்தார், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் காசு இல்லாதவர்கள் முட்டையோ கோழியோ கொடுத்தார்கள். 1964-ல் கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனுக்காகத் தன் மாவட்டத்தில் தேர்தல் அலுவலகம் நடத்தியபோது, சொந்த ஊர்க்காரர்களே அவருடைய காரைச் சேதப்படுத்தினார்கள். இந்தியாவுக்கு வந்துதான் அவர் ஏற்றத்தாழ்வைக் கண்டுகொண்டார் என்று யாரும் எழுதினால் நம்பாதீர்கள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

இன்னொரு செய்தி, இங்கே இருக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கு. லில்லியன் நீண்ட நேர டியூட்டிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதி, வீட்டில் இருந்த ஒரு கறுப்பு மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அந்த மேசைதான் எங்கள் அம்மா என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேலி செய்வார்களாம். என் வீட்டில் மேசை கிடையாது, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் மஞ்சள் சீட்டு. இதைப் படித்த அன்று என் மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

1953-ல் கணவர் இறந்தார். அதன்பின் ஒரு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் காப்பாளராகவும், ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகியாகவும் இருந்தார். 1966-ல் தொலைக்காட்சியில் பீஸ் கோர் விளம்பரம் ஒன்று வந்தது. வயது ஒரு தடை இல்லை என்றது விளம்பரம். அந்த அமைப்பை 1961-ல் கென்னடி தொடங்கியிருந்தார். கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சேர்ந்தார்கள். லில்லியன் 68 வயதில் விண்ணப்பித்தார். அதே வருடம் ஜிம்மி ஆளுநர் பதவிக்கு நின்று, கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றிருந்தார். சிகாகோவில் பயிற்சி கொடுத்தார்கள். மராத்தி கற்றுக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளை வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து அந்த வயதில் ஒரு புது மொழியின் எழுத்தைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பது, வந்த நாட்டின் மொழித் தேர்வுக்காக நாற்பது வயதில் படித்த உங்களுக்குத் தெரியும்.

1966-ன் இறுதியில் பம்பாயில் வந்து இறங்கினார். அந்த வருடத்தின் இந்தியாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் இந்திரா காந்தி பிரதமரானார். ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு, அதன்பின் 7 ரூபாய் 50 காசு. மழை பொய்த்துப் பீகாரில் பஞ்சம் தலைதூக்கியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. வியட்நாமில் போர் நடத்திக்கொண்டிருந்த அதே அரசுதான் கோதுமையையும் அனுப்பியது, தொண்டர்களையும் அனுப்பியது. நல்லெண்ணமும் ராஜதந்திரமும் ஒரே கப்பலில் வந்தன.

பம்பாய்க்கு அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. ஜூன் 19 அன்று சிவசேனா தொடங்கப்பட்டது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள், குறிப்பாக அலுவலகங்களில் தட்டச்சும் கணக்கும் பார்த்த ‘மதராசிகள்’. எங்கள் ஊரிலிருந்து பம்பாய்க்குப் போன குடும்பங்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு வரவேற்பு, ரயிலில் வந்த தமிழனுக்கு வெளியே போ என்ற குரல். இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே வருடத்தில். வேறு நாட்டில் வாழ்கிற நாம் இதில் நம்மை இரண்டு பக்கமும் பார்க்கலாம். வரவேற்கப்படுவது சில நேரம் நம் குணத்துக்காக அல்ல, கடவுச்சீட்டின் நிறத்துக்காக.

அவருக்குக் கிடைத்த இடம் விக்ரோலி, பம்பாயின் கிழக்குப் புறநகர். 1940-களில் பிரோஜ்ஷா கோத்ரேஜ் அங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கினார். சதுப்புநிலக் காடுகளுக்கு அருகே தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. நம் வீடுகளில் கல்யாணச் சீராக வந்து நின்ற கோத்ரேஜ் பீரோவின் பிறந்த வீடு அது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கான லட்சக்கணக்கான வாக்குப்பெட்டிகளும் அங்கேதான் செய்யப்பட்டன. அந்தக் குடியிருப்பில்தான் லில்லியனுக்கு வேலை.

முதலில் கொடுத்த வேலை நர்சிங் இல்லை, குடும்பக் கட்டுப்பாடு. 1965-ல் இந்திய அரசு ‘லூப்’ என்ற கருத்தடைச் சாதனத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்திருந்தது. 1966-லிருந்து எந்த முறைக்கு எத்தனை பேர் என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. பெண்களிடம் போய்ப் பேசிச் சம்மதிக்க வைப்பது தொண்டரின் பணி. அரைகுறை மராத்தியில், அன்றுதான் பார்க்கிற ஒரு பெண்ணிடம் அவளுடைய படுக்கையறைச் செய்தியைப் பேச வேண்டும். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. குடியிருப்பின் மருந்தகத்தில் வரிசையில் நின்ற நோயாளிகளிடம் போகத்தான் மனம் இழுத்தது. மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தார். ஊசி போட்டார், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார், பிரசவங்களில் உதவினார்.

அந்த இலக்குக் கணக்கு பின்னால் எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பலருக்குக் கட்டாயத்தின் பேரில். பத்து வருடம் முன்பு வீடு வீடாகப் போன தொண்டர்களை அதற்குக் குற்றவாளிகள் ஆக்க நான் வரவில்லை. ஆனால் மனிதரை எண்ணாக எழுதத் தொடங்கும் எந்தப் பதிவேட்டையும் ஒரு நர்ஸ் சந்தேகத்தோடு திறக்க வேண்டும் என்பதை அந்த வரலாறு எனக்குச் சொல்கிறது.

மருந்தகத்தில் தொழுநோயாளிகளும் வந்தார்கள். அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் 1977-ல் ‘அவே ஃப்ரம் ஹோம்’ என்ற நூலாக, மகள் குளோரியாவோடு சேர்ந்து வெளியிடப்பட்டன. அம்மாவைப் பற்றி ஜிம்மியும் 2008-ல் ஒரு நூல் எழுதினார். இந்தத் தொழுநோய் விஷயத்தில் லில்லியன் தன்னைப் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேல் நர்ஸாக வாழ்ந்தவருக்கே முதலில் தொடப் பயம். பயந்ததை ஒத்துக்கொண்டார். நாளாக நாளாகத்தான் அந்தப் பயம் விட்டது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் லில்லியனைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன்.

டிப்ளமா படிக்கும்போது, இரண்டாம் வருடம், தென் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவுக்கு எங்களை அனுப்பினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுப் பள்ளியிலிருந்தே, இயேசு தொழுநோயாளியைத் தொட்ட கதையைச் சொல்லச் சொன்னால் முதல் ஆளாகக் கை தூக்குவேன். பாடத்திலும் படித்திருந்தேன். காற்றிலோ தொடுகையிலோ சட்டென்று ஒட்டிக்கொள்கிற நோய் அல்ல, பெரும்பாலானவர்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்புசக்தி உண்டு, மருந்து தொடங்கியவரிடமிருந்து பரவாது. எல்லாம் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அங்கே ஒரு பெரியவர். விரல்கள் மடங்கிப் போயிருந்தன. மாத்திரை கொடுக்க வேண்டும். என் கை அவர் உள்ளங்கையில் பட்டுவிடக் கூடாது என்று ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டேன். மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டது. அவர் குனிந்து எடுக்கப் பார்த்தார். உணர்ச்சி இல்லாத விரலுக்கு, தான் பிடித்திருப்பது மாத்திரையா சிமெண்டுத் தரையா என்று தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க முடியும். மூன்று முறை முயன்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னால் குனிய முடியவில்லை.

எங்கள் டியூட்டர் சிஸ்டர் வந்தார். மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வேறொன்றை அவர் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்தான் சொன்னார், “பயப்படாத மக்ளே, எல்லாரும் மொதல்ல இப்பிடித்தான்.” மன்னிக்க வேண்டியவர் அவர், ஆறுதல் சொன்னவரும் அவர். அன்று இரவு விடுதியில் நான் சாப்பிடவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அதனால்தான் லில்லியனின் அந்தப் பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் காலத்தில் தொழுநோய்க்கு டாப்சோன் என்ற ஒரே மருந்தைத்தான் நம்பியிருந்தார்கள். வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். கிருமி அதற்குப் பழகிப் போனது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல்தான் பரிந்துரைத்தது. அதன்பின் நோய் வேகமாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்று 2005-ன் இறுதியில் இந்தியா அறிவித்தது. ஆனாலும் உலகில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். கிருமியைக் கொல்ல மருந்து கிடைத்துவிட்டது. உருண்ட மாத்திரையைக் குனிந்து எடுக்க மருந்து இல்லை.

லில்லியனின் விக்ரோலி வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மருந்தகத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரு தோட்டக்காரர் இருந்தார். அவருடைய சிறு மகளுக்கு லில்லியன் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் பதிலுக்குப் பூவும் காய்கறியும் கொண்டுவந்து இவர் வாசலில் வைப்பார். ஜார்ஜியாவில் முட்டை கொடுத்துக் கடன் தீர்த்த பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத்தான் இதுவும். வாங்க மட்டுமே தெரிந்தவர்களாக ஏழைகளை நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோட்டக்காரர் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டார். தனியாக இருந்த ஒரு கிழவிக்கு அவரும்தான் உதவி செய்தார்.

1968 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியா கொடியேற்றிக்கொண்டிருந்த நாளில், விக்ரோலியில் அவருக்கு 70 வயது நிறைந்தது. அதை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவரவருக்கு அர்த்தமுள்ளது எதுவோ அதைத் துணிந்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். சில வாரங்களில் ஊர் திரும்பினார். மொத்தம் இருபத்தொரு மாதம். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான மேடைகளில் தன் இந்திய நாட்களைப் பற்றிப் பேசினார்.

மறுபடி ஒருமுறை வந்தார். 1977 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது காலமானபோது, புதிதாகப் பதவியேற்றிருந்த மகன், இறுதிச் சடங்குக்கான அமெரிக்கக் குழுவுக்குத் தலைவராக அம்மாவை அனுப்பினார். அந்தப் பயணத்தில் விக்ரோலிக்கும் போனார். இலக்குக் கணக்கு வைத்துக் கருத்தடை நடந்த அந்த அவசரநிலை அப்போது முடிந்திருக்கவில்லை.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். 1978 ஜனவரி 3 அன்று ஜிம்மி கார்ட்டர் ஹரியானாவில் தௌலத்பூர் நசீராபாத் என்ற கிராமத்துக்குப் போனார். அந்த ஊர் கார்ட்டர்புரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 டிசம்பரில் அவர் இறந்தபோது, அவருடைய அம்மா அந்தக் கிராமத்தில்தான் சேவை செய்தார் என்றுகூட வாட்ஸாப்பில் சுற்றியது. எனக்கும் நான்கைந்து பேர் அனுப்பினார்கள். அவர் வேலை செய்தது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் விக்ரோலியில். ஜனாதிபதி காரில் வந்து இறங்கிய ஊருக்குப் பெயர் நிலைத்தது. அவருடைய அம்மா இருபத்தொரு மாதம் புண் கட்டிய குடியிருப்பு செய்தியில் வரவில்லை. நர்ஸ்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இடம் மாறிப் போகிறது.

லில்லியன் 1983 அக்டோபர் 30 அன்று காலமானார். வயதான தொண்டர்களுக்காகப் பீஸ் கோர் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக நர்சிங் பள்ளியில் அவர் பெயரில் ஒரு மையம் இருக்கிறது. இந்தியாவோ 1976-லேயே பீஸ் கோரை முடித்துக்கொண்டது. வெளிநாட்டுத் தொண்டர் இல்லாமலும் நாடு நடந்தது, நடக்கிறது.

அப்படியென்றால் அவர் வந்ததால் என்ன ஆனது? விக்ரோலியின் வறுமை தீரவில்லை. தொழுநோய் ஒழியவில்லை. சில புண்கள் ஆறின, ஒரு குழந்தை எழுத்துக் கற்றது, ஒரு கிழவியின் பயம் போனது. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது எந்த நர்ஸும் எழுதக்கூடிய அறிக்கை இவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. லில்லியன் வந்த வழிக்கு எதிர்வழியில் நாம் போனோம். நான் குவைத்துக்குப் போனேன், அங்கிருந்து அயர்லாந்துக்கு வந்தேன். சம்பளத்துக்காகத்தான். தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன், அப்பாவின் டயாலிசிஸ். அதில் எனக்கு வெட்கமில்லை. அவருக்கு அந்த வயதில் சம்பளம் தேவைப்படாத வாழ்க்கை இருந்தது. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, சபையில் என்னை மேடைக்கு அழைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த சகோதரி இரண்டு நாள் மருத்துவ முகாமில் ஊழியம் செய்கிறார் என்று அறிவிப்பார்கள். சால்வை போடுவார்கள். வருடம் முழுவதும் அதே ஊரில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் கிராமச் சுகாதாரச் செவிலியர் கீழே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

போன முறை அந்த முகாமில், இரத்த அழுத்தம் பார்த்த ஒரு பாட்டி என்னிடம், “நீ எப்ப திரும்பப் போவ?” என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, தன் மருந்துச் சீட்டை என்னிடமிருந்து வாங்கி, அந்தச் செவிலியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதமும் அந்த ஊரில் இருக்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லில்லியன் மொழி படித்து வந்தார், இருபத்தொரு மாதம் இருந்தார். என்னால் இப்போதைக்கு அது முடியாது. வரும் ஜனவரியில் ஊருக்குப் போகும்போது முகாமுக்குப் போவேன். சால்வை வேண்டாம் என்று போதகரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அந்தச் செவிலியரிடம் தொலைபேசியில் பேசி, உங்களுக்கு எந்த வேலையில் கை தேவை என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பதிவேடு எழுத ஆள் இல்ல சிஸ்டர், அத எழுதித் தாங்க” என்றார். எழுதப் போகிறேன்.